உள்ளே போனவர்கள்

சனிக்கிழமை காலையிலிருந்து லோர்னா த்ரெல்ஃபாலின் கைப்பேசி சமையலறை மேஜை நடுவில், வெண்ணெய்க் கிண்ணத்துக்கும் ரொட்டித் தட்டுக்கும் இடையில், நோயாளியைக் கிடத்தியது போலக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. யாரும் அதிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

வியாழக்கிழமை தேர்தல். வெள்ளி விடிவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. மத்தியானத்துக்குள் பழைய பிரதமர் அரசரைப் பார்த்து ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்; புதியவர் பிரதமர் இல்லத்தின் கறுப்புக் கதவுக்கு முன்னால் நின்று கை அசைத்துவிட்டு உள்ளே போனார். பெரிய மந்திரிகளின் பெயர்கள் அன்று மாலையே வந்துவிட்டன. இன்றைக்குச் சின்ன மந்திரிகளைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவார்களா என்பதுதான் கேள்வி.

"ரொம்ப நேரமா முறைக்கிறீங்களே, அது பயந்துடப் போகுது" என்றான் லோர்னாவின் கணவன் கிளைவ். அவன் பெக்‌ஷா நகரத்துப் பள்ளியில் புவியியல் வாத்தியார். பத்து வருஷத்துக்கு மேலாக எம்.பி.யின் புருஷனாக இருந்ததில் எதையும் கேலியாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தான்.

"நீ சும்மா இரு கிளைவ்" என்றாள் பெரில் ஆக்டன், அடுப்பில் பன்றி இறைச்சித் துண்டுகளைத் திருப்பிப் போட்டபடி. "அவளே வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. லோர்னா, கண்ணு, ஒரு வாய் சாப்பிடு. மந்திரியாகறதுக்கு முன்னாடி மயங்கி விழுந்துடாதே."

பெரில் அந்த வீட்டுக்காரி இல்லை; ஆனாலும் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று கிளைவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பருத்த கைகள், கரகரத்த குரல். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் மகன் டேரில், கடையில் திருடிய வழக்கில் ஸ்கார்ஹில் இளைஞர் சிறைக்குப் போனான். அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. ஒரு இரவு தன் அறையில் இருந்த அவசர மணியை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான் என்று பக்கத்து அறைப் பையன்கள் சொன்னார்கள். காலையில் கதவைத் திறந்தபோது உடம்பு விறைத்திருந்தது. அவனுக்குப் பிறகு அதே சிறையில் இன்னும் மூன்று பையன்கள் செத்தார்கள்.

தொகுதி எம்.பி.யான லோர்னாவைத் தேடி பெரில் வந்தபோது, உதவி கேட்டுத் தான் போய்ப் பார்த்த எத்தனையாவது ஆள் லோர்னா என்று பெரிலுக்கே தெரியாது. லோர்னா கேட்டாள், அழுதாள், பிறகு விடவே இல்லை. பாராளுமன்றத்தில் அப்போதைய சிறைத்துறை மந்திரி ஜைல்ஸ் பெதரிக் எழுந்து, "துயரமான சம்பவம். கற்க வேண்டிய பாடங்களைக் கற்றுவிட்டோம். விசாரணைக் கமிஷன் தேவையில்லை" என்று வாசித்தபோது, லோர்னா துள்ளி எழுந்து, "பாடத்தை ஒழுங்காகப் படித்தவர் பரீட்சைக்கு ஏன் பயப்படுகிறார்?" என்று கேட்டாள். எதிர்க்கட்சி வரிசை கூரை அதிரக் கத்தியது. அந்த ஒரு வரி தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் லோர்னா த்ரெல்ஃபால் என்ற பெயர் ஊரைத் தாண்டிப் போனது.

இந்தத் தேர்தலில் அவள் நோட்டீஸின் முன்பக்கம் டேரிலின் படம் இருந்தது. பள்ளிச் சீருடையில், முன்பல் கொஞ்சம் தூக்கலாக, சிரித்துக்கொண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரில் பெக்‌ஷாவின் ஒவ்வொரு தெருவிலும் ஏறி இறங்கினாள். முழங்கால் வீங்கிப்போய் ராத்திரியில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டாள். நோட்டீஸின் அடியில் லோர்னாவின் கையெழுத்தோடு ஒரு வாசகம்: ஆட்சிக்கு வந்த முதல் வாரத்தில் விசாரணைக் கமிஷன்.

கைப்பேசி மணி அடித்தபோது கிளைவின் கையிலிருந்து தேநீர் சிந்தியது. லோர்னா எடுத்தாள், எழுந்து நின்றாள். "ஆமா, நான்தான்... ஆமா... ரொம்ப நன்றி, பிரதமர். ரொம்ப..." அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னடி?" என்றாள் பெரில்.

"இணை அமைச்சர்" என்றாள் லோர்னா. வாய் கோணிக்கொண்டது. "சிறைகள். பெரில், எனக்குச் சிறைகளைக் குடுத்திருக்காங்க."

பெரில் கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு லோர்னாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும் அந்தச் சின்னச் சமையலறையில் நின்று அழுதார்கள். இறைச்சி கருகிப் புகை வந்தது. கிளைவ் ஜன்னலைத் திறந்துவிட்டான். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

"முதல் வாரம்" என்றாள் பெரில், அவள் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே.

"முதல் வாரம்தான்" என்றாள் லோர்னா. அப்போது அவள் அதை மனசாரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவளை லண்டனில் உள்ள அமைச்சகத்துக்கு வரவழைத்தார்கள். கட்டடம் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தாழ்வாரத்தில் அட்டைப் பெட்டிகள். போனவர்களின் பெயர்ப் பலகைகளைக் கழற்றியிருந்தார்கள். கதவுகளில் திருகாணி ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. நேற்றுவரை ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பங்கு போட்டுத் தின்ற இரண்டு புதிய மந்திரிகள், பூங்காவைப் பார்த்த ஜன்னல் யாருக்கு என்று மூன்றாவது மாடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய உதவியாளர் மற்றவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை லோர்னாவே பார்த்தாள். சிரிப்பு வந்தது. அவள் அறைக்குப் பூங்கா தெரியவில்லை, ஒரு செங்கல் சுவர்தான் தெரிந்தது. அதைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டாள். அரைமணி கழித்து, பூங்கா தெரியும் அறை யாருக்குப் போயிற்று என்று விசாரிக்கவும் செய்தாள்.

அவளுக்குத் தனிச்செயலராக இருந்தவன் டங்கன் மெல்ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள், முகத்தில் எதுவும் தெரியாது. பெதரிக்குக்கும் இவன்தான் செயலராக இருந்தான் என்று தெரிந்தபோது லோர்னா உஷாரானாள். இவர்கள்தான் முட்டுக்கட்டை போடுவார்கள் என்று கட்சியில் ஆண்டாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"டங்கன், ஸ்கார்ஹில் விஷயத்துல உங்க துறை என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட ஆறு மாசம், எட்டு மாசம்னு சொல்லாதீங்க. முதல் வாரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"தெரியும், மினிஸ்டர்" என்றான் டங்கன். "நீங்க பேசினதையெல்லாம் நாங்க கேட்டோம்." ஒரு காகித உறையை அவள் முன்னால் வைத்தான். "கமிஷனுக்கான அறிவிப்பு. தலைமை தாங்க ஒரு நீதிபதியைக் கேட்டு வச்சிருக்கோம், சம்மதிச்சிருக்காங்க. செவ்வாய்க்கிழமை அவையில நேரம் இருக்கு. ஒரு வரி மாத்தணும்னாலும் சொல்லுங்க."

லோர்னா அதை வாசித்தாள். டேரிலின் பெயர் முதல் பத்தியிலேயே இருந்தது. மற்ற மூன்று பையன்களின் பெயர்களும் இருந்தன. குற்றம் கண்டுபிடிக்கத் தேடினாள். எதுவும் இல்லை.

"இதை யார் எழுதினது?"

"நான்தான், மினிஸ்டர்." சற்றுத் தயங்கி, "ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தது" என்றான்.

அவன் வெளியே போன கையோடு லோர்னா பெரிலைக் கூப்பிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை வந்துடுங்க. பார்வையாளர் மாடத்துல இடம் போட்டு வைக்கிறேன். மத்த அம்மாக்களையும் கூட்டிட்டு வாங்க."

"நெசமாவா? செவ்வாய்க்கிழமையேவா?"

"எழுதி ரெடியா மேஜை மேல இருக்கு."

"என்ன போட்டுக்கிட்டு வரது? அந்த நீலக் கவுன் போட்டுக்கவா? டேரிலோட சாவுக்குப் போட்டது. வேற நல்லதா எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நீலமே போட்டுக்கோங்க" என்றாள் லோர்னா. போனை வைத்துவிட்டுச் செங்கல் சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு சுவரைப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை அவள் துறையின் கேபினட் அமைச்சர் மால்கம் ரெட்ஃபர்ன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கட்சியில் மூத்தவர். தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். உரக்கப் பேசுவார், எல்லாரையும் தோளில் தட்டுவார். அவர் அறையில் இரண்டு ஆட்கள் ஏணி மேல் நின்று சுவரில் ஓவியம் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் குதிரையைக் கழட்டு. என் அறையில நிலப்பிரபுவோட குதிரை வேண்டாம். அந்தத் துறைமுகம் இருக்கே, அது நல்லாருக்கு. லோர்னா, வா, உக்காரு. எப்படி இருக்கு மந்திரி வாழ்க்கை? அறை பிடிச்சிருக்கா?"

"சுவர் தெரியுது."

"எனக்கு முதல் தடவை குப்பைத்தொட்டி தெரிஞ்சுது." சிரித்தார். பிறகு ஏணிக்காரர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஸ்கார்ஹில். நாளைக்கு அது கிடையாது."

லோர்னா ஏதோ தேதி மாற்றம் என்று நினைத்தாள். "புதன்கிழமையா?"

"இல்ல. கமிஷன் கிடையாது. துறைக்குள்ளயே ஒரு ஆய்வு. அதை நாளைக்கு அறிவிக்கிறோம்."

"மால்கம், அது தேர்தல் அறிக்கையில இருக்கு."

"என்னென்னவோ இருக்கு அதுல. கேளு. ஜெயில்ல இடம் இல்ல. பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே இல்ல. போனவங்க நமக்கு விட்டுட்டுப் போனது அதுதான். இந்தக் கோடை முழுக்க காவலர்கள் லீவு போடாம ஓவர்டைம் பாத்தாத்தான் கதவு நிக்கும். அவங்க சங்கத் தலைவர் நேத்து என் வீட்டுக்கே வந்துட்டார். கமிஷன்னு ஒண்ணு வந்தா அன்னைக்கே ஓவர்டைம் நிறுத்தம்ங்கறார். அந்த ராத்திரி ட்யூட்டியில இருந்த ரெண்டு பேரும் இப்ப சங்கத்துல பெரிய ஆளுங்க. புரியுதா?"

"ஒரு பையன் மணியை அழுத்தி அழுத்திச் செத்தான். அது புரியுதா உங்களுக்கு?"

"எனக்கும் பசங்க இருக்காங்க லோர்னா. அந்தப் பேச்சு வேண்டாம்."

"நான் வாக்குக் குடுத்தேன். என் வாயால. அவங்க அம்மாவுக்கு."

"தெரியும். அதனாலதான் நீ வாசிக்கணும்" என்றார் ரெட்ஃபர்ன், மிகவும் நிதானமாக. "வேற எவனாவது வாசிச்சா துரோகம்னு கத்துவாங்க. நீ வாசிச்சா, அவளே சொல்றாளே, ஏதோ காரணம் இருக்கும்னு பேசாம இருப்பாங்க."

சனிக்கிழமை வந்த அழைப்பு எதற்காக வந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க முயன்று, "நான் ராஜினாமா பண்றேன்" என்றாள்.

"பண்ணு. நாளைக்கு வேற ஒருத்தன் அதையே வாசிப்பான். உள்ள இருந்தா, நிலைமை சீரானதும், அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ, ஏதாவது செய்யலாம். வெளிய போனா அந்தம்மாவோட சேர்ந்து மழையில நிக்கலாம். அது உனக்குப் பழக்கமான வேலைதானே?" எழுந்து வந்து அவள் தோளில் தட்டினார். "யோசிச்சுச் சொல்லு. மூணு மணிக்குள்ள சொல்லிடு. அச்சடிக்கணும்."

லோர்னா வெளியே இறங்கிப் பூங்காவுக்குப் போனாள். வாத்துகளுக்கு யாரோ ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அலுவலகக்காரர்கள் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அவளை அடையாளம் கண்டு, "வாழ்த்துகள்! நல்லது செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிறைகள் வெடித்தால் இன்னும் எத்தனை பையன்கள் சாவார்கள் என்று லோர்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆய்வு என்பது ஒரு ஆரம்பம்தானே என்று சொல்லிக்கொண்டாள். போய்விட்டால் என் இடத்துக்கு வருகிறவன் பெரில் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டான் என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு காரணமும் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவள் சீண்டவில்லை. பத்து வருஷமாகப் பின்வரிசையில் தொண்டை வறளக் கத்தியவளை, இரண்டு நாளாக எல்லாரும் எழுந்து நின்று "மினிஸ்டர்" என்கிறார்கள். அவள் ஒன்று சொன்னால் யாரோ எழுதிக்கொள்கிறார்கள். கதவு தானாகத் திறக்கிறது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு பிடிக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்பே சம்மதம் சொல்லிவிட்டாள்.

டங்கன் தான் எழுதியதை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டான். "சரி, மினிஸ்டர்" என்றான்.

"ஆய்வு அறிவிப்பு எழுத நேரம் ஆகுமா?"

"ஆகாது. மிஸ்டர் பெதரிக் காலத்து வாசகங்கள் அப்படியே இருக்கு. தேதியும் பேரும் மாத்தினாப் போதும்."

அவன் குத்திக்காட்டினானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. "டங்கன், மிசஸ் ஆக்டனுக்கு ஒரு போன் பண்ணி, நாளைக்கு வர வேண்டாம்னு..."

"அது துறை சம்பந்தப்பட்ட அழைப்பு இல்லையே, மினிஸ்டர்" என்றான். முதல்முறையாக அவன் குரலில் ஏதோ இருந்தது. "உங்க சொந்த அழைப்புன்னுதான் எனக்குப் படுது."

அவள் இரண்டு முறை பெரிலின் எண்ணை எடுத்தாள். இரண்டு முறையும் வைத்துவிட்டாள். சாயங்காலம் பண்ணலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் வரவேற்பு விருந்து. காலையில் பண்ணலாம் என்று நினைத்தாள். காலையில் பெரிலே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: ரயிலில் ஏறிவிட்டோம் கண்ணு. எல்லாருக்கும் கேக் செய்து எடுத்து வருகிறேன்.

மத்தியானம் பெரில் அமைச்சகத்து வாசலில் காவலர்களிடம் பையைத் திறந்து காட்டிவிட்டு, கழுத்தில் பார்வையாளர் அட்டை தொங்க, நீலக் கவுனில் மேலே வந்தாள். கூட வந்திருந்த இரண்டு தாய்மார்களைக் கீழே வரவேற்பறையில் உட்கார வைத்திருந்தார்கள். லோர்னாதான் பெரிலை மட்டும் முதலில் அனுப்பச் சொல்லியிருந்தாள்.

"அடேயப்பா, என்ன அறை! சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியா? ஜன்னலுக்கு ஒரு நல்ல திரை தெச்சுக் குடுக்கறேன் இரு." கேக் டப்பாவை மேஜை மேல் வைத்தாள். பிறகுதான் லோர்னாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"உக்காருங்க பெரில்."

"நிக்கறேன். சொல்லு."

"இன்னைக்குக் கமிஷன் அறிவிக்கல. ஒரு ஆய்வு அறிவிக்கிறோம். துறைக்குள்ளயே. முழுமையான ஆய்வு. எல்லாத்தையும் பார்ப்பாங்க..."

"சரி" என்றாள் பெரில் உடனே. "சரி கண்ணு. அரசாங்கம்னா நாலும் இருக்கும். தாமதமாகும்னா ஆகட்டும். எப்ப கமிஷன்? கோடை முடிஞ்சா?"

லோர்னா கேக் டப்பாவை மேஜை ஓரமாக நகர்த்தினாள்.

"கிறிஸ்துமஸுக்குள்ளயா?"

"ஆய்வோட முடிவைப் பாத்துட்டு, தேவைப்பட்டா..."

பெரில் இப்போது உட்கார்ந்தாள். "யார் அந்த ஆய்வைப் பண்றது?"

"துறை அதிகாரிகள்."

"சிறைக்காரங்க."

"துறை அதிகாரிகள், பெரில்."

"சத்தியம் பண்ணி சாட்சி சொல்லணுமா அவங்க? அந்த ரெண்டு பேரும்? அந்த ராத்திரி கீழ உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்த ரெண்டு பேரும்?"

"அந்த அதிகாரம் ஆய்வுக்கு இல்ல."

பெரில் தலையை ஆட்டினாள். மெதுவாக, பல தடவை. "நீ சண்டை போட்டியா?"

"போட்டேன். ரொம்பப் போராடினேன். நீங்க நம்பணும். ஜெயில் நிலைமை எவ்வளவு மோசம்னா, கற்க வேண்டிய பாடங்களை நாங்க..." லோர்னா சட்டென்று நிறுத்தினாள். வாய்க்குள் வந்துவிட்டது யாருடைய வார்த்தை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

பெரிலுக்கும் தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. சலவைக்கூடத்தில் இரத்தம் படிந்த விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல லோர்னாவைப் பார்த்தாள்.

"போராடினவ இன்னும் இந்த நாற்காலியில உக்காந்திருக்கே."

"நான் போயிட்டா உங்களுக்காக உள்ள யாரும் இருக்க மாட்டாங்க!"

"உள்ள நீ இருந்து எனக்கு என்ன?" என்றாள் பெரில். "என் புள்ள படத்தை நோட்டீஸுல போட்டே. நான்தான் குடுத்தேன். நானே எடுத்துக்கிட்டு வீடு வீடா ஏறினேன். இந்தப் பொண்ணுக்குப் போடுங்க, இவ நம்ம பொண்ணுன்னு சொன்னேன். முட்டி தேய்ஞ்சுது. அதைப் பத்தி இல்ல. ஆனா நேத்தே உனக்குத் தெரியும். நேத்தே தெரியும், இல்ல? ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல? நான் விடிய முன்னாடி எழுந்து கேக் பண்ணேன்டி."

டங்கன் கதவைத் தட்டி, அவைக்குப் புறப்பட வேண்டிய நேரம் என்றான். பெரில் எழுந்தாள். கேக் டப்பாவை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற டங்கனின் கையில் அதைக் கொடுத்து, "கீழ வேலை பாக்கறவங்களுக்குக் குடுங்க, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவையில் லோர்னா எழுந்து வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாசித்து முடித்து உட்கார்ந்ததும் எதிர்வரிசையில் ஜைல்ஸ் பெதரிக் எழுந்தார். ஆட்சி போனாலும் அவர் தொகுதி போகவில்லை. நான்கு நாட்களில் ஆள் இளைத்து, இளமையாகக்கூடத் தெரிந்தார்.

"டேரில் ஆக்டனின் தாயார் இன்று மாடத்தில் அமர்ந்திருக்கிறார்" என்று தொடங்கினார். டேரில் என்ற பெயரை ஏழு வருஷம் மந்திரியாக இருந்தபோது ஒரு தடவைகூட அவர் உச்சரித்ததில்லை. "மாண்புமிகு அமைச்சர் ஒரு காலத்தில் என்னைக் கேட்டதையே நான் கேட்கிறேன். பாடத்தை ஒழுங்காகப் படித்தவர் பரீட்சைக்கு ஏன் பயப்படுகிறார்?"

எதிர்க்கட்சிக்காரர்கள் சிரித்தார்கள், ஆரவாரித்தார்கள். லோர்னாவின் பின்னால் அவள் கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் எழுந்து பதிலுக்குக் கத்தினார்கள். "வெட்கம்! வெட்கம்!" அது பெதரிக்கைப் பார்த்துச் சொன்னது. ரெட்ஃபர்ன் அவள் கையைத் தட்டி, "பிரமாதம்" என்றார். லோர்னா மேலே பார்த்தாள். மாடத்தில் அவள் போட்டு வைத்த மூன்று இருக்கைகளும் காலியாக இருந்தன; பெதரிக் மேலே பார்க்காமலே பேசியிருக்கிறார்.

சாயங்காலச் செய்தியில், பாராளுமன்றத்துக்கு வெளியே புல்தரையில், மழைத் தூறலில், பெதரிக் நின்றார். அவர் பிடித்திருந்த குடைக்குக் கீழே நீலக் கவுனில் பெரில். டேரிலின் படம் பெதரிக்கின் இன்னொரு கையில் இருந்தது.

லோர்னா பார்த்த மாத்திரத்தில் போன் செய்தாள். இந்தத் தடவை கை தயங்கவில்லை. கோபம் வந்தால் எல்லாம் சுலபமாக இருக்கிறது.

"அந்த ஆளோடயா? ஏழு வருஷம் உங்களை வாசல்லயே நிக்க வச்ச ஆள்! அவனுக்கு டேரிலைப் பத்தி ஒரு மயிரும் கிடையாது. உங்களை வச்சு எங்களை அடிக்கிறான், அவ்வளவுதான். தெரியலையா?"

"தெரியாம என்ன" என்றாள் பெரில். ரயில் நிலையத்தில் இருக்கிறாள் போல. பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது. "அவன் யோக்கியன்னு நினைச்சா போனேன்? ஆனா இப்ப அவன்தான் வெளிய இருக்கான். வெளிய இருக்கிறவனுக்குத்தான் எங்க ஞாபகம் வருது. அவனும் ஒருநாள் உள்ள போவான். போனதும் மறந்துடுவான். அதுக்குள்ள குடை பிடிக்கிறவரைக்கும் பிடிக்கட்டும்." பிறகு, "வண்டி வந்துடுச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தக் கோடையில் சிறைகள் எதுவும் வெடிக்கவில்லை. காவலர் சங்கம் தன் மாநாட்டில் புதிய இணை அமைச்சருக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டது. இலையுதிர் காலத்தில் ஆய்வின் முடிவு வந்தது: நடைமுறைகளில் சில குறைகள், தனிநபர் தவறு எதுவுமில்லை, மேல் நடவடிக்கை தேவையில்லை. டங்கன் அதற்கு முன்பே வேறு துறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். லோர்னாவுக்குப் பூங்காவைப் பார்த்த அறை கிடைத்தது. அடுத்த மாற்றத்தில் மேலே போவாள் என்று பத்திரிகைகள் எழுதின. உறுதியானவள், நம்பி வேலை கொடுக்கலாம் என்று பெயர் தெரிவிக்க விரும்பாத ஒருவர் சொல்லியிருந்தார். அது ரெட்ஃபர்ன் என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷப்பட்டாள்.

மந்திரியானாலும் எம்.பி. எம்.பி.தான். வெள்ளிக்கிழமைகளில் பெக்‌ஷா நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து தொகுதிக்காரர்களின் குறைகளைக் கேட்க வேண்டும். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுச் சுவரில் பூஞ்சை என்று ஒருவர், பேருந்து நிற்பதில்லை என்று ஒருவர், அதற்கடுத்துக் கதவைத் திறந்துகொண்டு பெரில் வந்தாள். கனத்த கோட்டு, கையில் ஊன்றுகோல். வெளியே எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

லோர்னா எழுந்துவிட்டாள். "பெரில்! நீங்க ஏன் வெளிய... நேரா வீட்டுக்கே வந்திருக்கலாமே. கால் எப்படி இருக்கு? கிளைவ் உங்களைப் பத்திப் பேசாத நாளே..."

பெரில் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"வணக்கம், மினிஸ்டர்" என்றாள். "என் பேர் மிசஸ் பெரில் ஆக்டன். பதினேழு, டானர்ஸ் தெரு. உங்க தொகுதிதான். என் மகன் டேரில் ஸ்கார்ஹில் சிறையில செத்துட்டான். அதுக்கு விசாரணைக் கமிஷன் வேணும்னு கேட்டு வந்திருக்கேன். எங்க எம்.பி.ங்கிற முறையில நீங்க இதை மந்திரிகிட்ட எடுத்துச் சொல்லணும்."

"பெரில், என்ன இது, இப்படிப் பேசாதீங்க..."

"எழுதிக்கறீங்களா, மினிஸ்டர்?"

பக்கத்தில் இருந்த உதவியாளர் பெண் புதியவள். அவளுக்கு எதுவும் தெரியாது. பேனாவை எடுத்து, "ஆக்டன் எப்படி எழுதணும்?" என்று கேட்டாள். பெரில் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

லோர்னா ஏதேதோ சொல்ல நினைத்தாள். இவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று உதவியாளரிடம் சொல்ல நினைத்தாள். மேஜையைச் சுற்றி வந்து அந்தப் பருத்த கைகளைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள். வாயைத் திறந்தபோது வந்தது பழகிப்போன ஒன்றுதான்.

"துறை இதை முழுமையா ஆய்வு பண்ணிடுச்சு, மிசஸ் ஆக்டன். மேல் நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இல்லை."

"சரி" என்றாள் பெரில். ஊன்றுகோலை எடுத்து, சிரமப்பட்டு எழுந்தாள். "அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே நேரந்தானே?"

"ஆமா" என்றாள் உதவியாளர். "பத்து மணிக்கு."

பெரில் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். அதற்கடுத்ததும் வந்தாள். பெயர், தெரு, மகன் பெயர், கேட்பது, எல்லாம் அதே வரிசையில் சொல்வாள். லோர்னா அதே பதிலைச் சொல்வாள். ஜனவரியில் லோர்னா உதவியாளரிடம், மிசஸ் ஆக்டனை இனிமேல் கடைசியாக உள்ளே விடும்படி சொன்னாள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள் என்று காரணமும் சொன்னாள். அதன்பிறகு பெரில் பின்னறைக்கு வெளியே, குழந்தைகள் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், எல்லாரும் போகும்வரை கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பாள்.